விலையும் பழியும்



பாடசாலை அதிபர் ஒருவருக்கு வாய்க்கும் பேறுகளுள் ஒன்று, தம்மால் உடனே விடையளிக்க இயலாத வினாக்களை இளைஞர் வாயிலிருந்து கேட்பதாகும். சில மாதங்களுக்கு முன்னர், உயர்தர வகுப்பு ஆசிரியர் ஒருவர் விடுமுறையில் நின்றமையால், அவ்வகுப்பிற்கு நான் செல்ல நேர்ந்தது. பாடநூலைத் திறவாமல், மாணவரைச் சற்றுச் சிந்திக்க வைக்கலாமென்று கருதி ஒரு கேள்வியை எழுப்பினேன். ஒரு கொல்லன் கத்தியொன்று செய்து விற்றான், வாங்கியவன் அதனாலே தன் அயலவனைக் குத்தினான், கொல்லன் குற்றவாளியா?

"இல்லை" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொல்லிற்று. நானும் மகிழ்ந்து மேலே செல்லப் புகுந்தேன். அப்போது கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், வாங்குகிறவன் எதற்காக வாங்குகிறான் என்பது கொல்லனுக்குத் தெரிந்திருந்தால்?" என்று கேட்டாள். அவளுக்கு அருகிலிருந்தவள், "மாதந்தோறும் அவனுக்கென்றே அளவெடுத்துச் செய்து கொடுத்தால்?" என்று தொடர்ந்தாள். நல்ல வேளையாக மணி அடித்தது. நான் தப்பினேன். ஆனால் அவ்வினாக்கள் என்னை விட்டுத் தப்பவில்லை. அவற்றுக்குரிய விடையைத் தேடிய முயற்சியே இன்றைய பேச்சு.

கொல்லனும் கத்தியும் கதைக்கு உரியன. உலக வாழ்விலோ இவ்வினா பெரிய உருவத்தில் எழுகின்றது. தன் குடிகளை ஒடுக்கும் ஓர் அரசோடு பிறநாட்டு வணிகர் கொள்வினை கொடுப்பினை செய்யலாமா? செய்தால், அவ்வொடுக்குமுறையில் அவர்க்கும் பங்குண்டா? இதற்கு உலகோர் சொல்லும் எளிய விடைகள் இரண்டு. "அரசியல் வேறு, வாணிகம் வேறு; பொருளை விற்பதோடு எம் கடமை தீர்ந்தது" என்பது ஒன்று. "கொடுங்கோலரோடு எவ்வகைத் தொடர்பும் ஆகாது" என்பது மற்றொன்று. இரண்டும் சொல்வதற்கு எளியன. இரண்டும் போதாதன என்பதே என் துணிபு. இதனை வெறும் தருக்கத்தால் நிறுவ முயலாமல், தொடக்கமும் முடிவும் நம் கண்முன் கிடக்கும் ஒரு வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம். அது தென்னாபிரிக்காவின் வரலாறு.

அந்நாட்டில் 1948 ஆம் ஆண்டு முதல் 'அபார்தைட்' எனப்பட்ட இன ஒதுக்கல் கொள்கை அரசின் கொள்கையாக விளங்கிற்று. அதற்கு அச்சாணியாக அமைந்தது ஒரு சிறு புத்தகம். 1952 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, பதினாறு வயது நிரம்பிய ஆபிரிக்கர் ஒவ்வொருவரும் அப்புத்தகத்தைத் தம்மோடு கொண்டு திரிதல் வேண்டும். அதிலே அவர்தம் புகைப்படமும், விரலடையாளமும், வேலை கொடுப்போர் கையொப்பமும், வரி செலுத்திய விவரமும் அடங்கியிருக்கும். அதனைக் காட்டத் தவறியவர் சிறை புகுவார். பிறந்த நாட்டிலேயே நகரத் தெருவொன்றில் நடப்பதற்கு ஒருவருக்கு உரிமை உண்டா இல்லையா என்பதை அப்புத்தகமே தீர்மானித்தது. 1960 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆம் நாள், அதனை எதிர்த்து ஷார்ப்பவில் என்னும் ஊரில் கூடிய மக்கள்மீது பொலிசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர்.

அடையாளத் தாளினால் மனிதரை அடக்கும் இம்முறை தமிழர்க்கும் புதியதன்று. 1860 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் முதலாவது ஒப்பந்தக் கூலிகளை டேர்பன் துறைமுகத்தில் இறக்கிற்று. அவர்களுள்ளும், பின்னர் அந்நாட்டுக்குச் சென்றோருள்ளும் தமிழர் பெருந்தொகையினர். திரான்ஸ்வால் அரசு ஆசியரெல்லாம் விரலடையாளமிட்டுப் பதிவுச் சான்றிதழ் பெறவேண்டுமெனக் கட்டளையிட்டபோது, 1908 ஓகஸ்ட் 16 ஆம் நாள், ஜொகன்னஸ்பேர்க் நகரிலே பள்ளிவாசலொன்றின் முன்றிலில், காந்தியடிகள் முன்னிலையில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன. அப்போராட்டத்தின் பிற்பகுதியில் சிறைசென்று, நோயுற்று மீண்டு, 1914 இல் பதினாறு வயதிலே உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நேயர்கள் அறிவீர்கள்.

நிற்க. புத்தகமொன்றில் புகைப்படம் ஒட்டவேண்டுமாயின் அப்படத்தை எடுக்க ஒரு கருவி வேண்டும்; அதற்குரிய படச்சுருள் வேண்டும். இலட்சக்கணக்கான மக்களுக்கு விரைவாக எடுக்க வேண்டுமாயின், எடுத்த சில நொடிகளிலே படம் தருகின்ற கருவி மிகவும் வசதியானது. அத்தகைய கருவியை உலகெங்கும் புகழ்பெறச் செய்தது, அமெரிக்காவிலே பொஸ்டன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜில் இயங்கிய போலரொயிட் கம்பனி. அது கொடியோரின் கம்பனியன்று. அறிவியற் புலமைக்கும், தொழிலாளரை நன்கு நடத்துவதற்கும் பெயர்பெற்ற கம்பனி. தென்னாபிரிக்காவில் அதற்குத் தொழிற்சாலை எதுவும் இருந்ததில்லை. அங்குள்ள விநியோகக் கம்பனியொன்றின் வாயிலாகவே தன் பொருள்களை விற்றது. அதன் உலக வாணிகத்தில் அந்நாட்டின் பங்கு மிகச் சிறியது.

அக்கம்பனியில் கரோலைன் ஹண்டர் என்னும் இளம் பெண் இரசாயனவியலாளராகப் பணிபுரிந்தார். கென் வில்லியம்ஸ் என்பவர் அங்கே புகைப்படத் துறையில் இருந்தார். இருவரும் கறுப்பின அமெரிக்கர். 1970 ஆம் ஆண்டில் ஒரு நாள், நண்பகல் உணவுக்காக வெளியே செல்லும் வழியில், தம் அலுவலகச் சுவரிலே மாதிரி அடையாள அட்டையொன்று குத்தப்பட்டிருப்பதை அவர்கள் கண்டனர். அதிலே தென்னாபிரிக்கக் குடியரசின் சுரங்கத் திணைக்களத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அதுவரை, தம் கம்பனிக்கு அந்நாட்டோடு தொடர்புண்டென்பதையே அவர்கள் அறியார். அட்டையைக் கண்டபின் நூலகத்துக்குச் சென்று படித்தனர், விசாரித்தனர். தாம் வேலைசெய்யும் கம்பனியின் படச்சுருள், அக்கொடிய புத்தகத்துக்குப் படம் எடுக்கப் பயன்படுகின்றது என்பது புலனாயிற்று.

நேயர்களே, இவ்விடத்தில் சற்றுத் தரித்து நோக்குங்கள். அந்தச் சுவரருகே அன்று எத்தனையோ பேர் நடந்து சென்றிருப்பர். எல்லார்க்கும் கண்கள் இருந்தன. அட்டையை அட்டையாகக் கண்டவர் பலர். அதன் பின்னால் நின்ற மனிதரைக் கண்டவர் இருவர்.

அவ்விருவரும் சக தொழிலாளரைச் சேர்த்து, 1970 ஒக்டோபரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். கம்பனி தென்னாபிரிக்காவை விட்டு விலகவேண்டும். இன ஒதுக்கலைப் பகிரங்கமாகக் கண்டிக்கவேண்டும். அங்கு ஈட்டிய இலாபத்தை ஆபிரிக்கரின் விடுதலை இயக்கங்களுக்கு அளிக்கவேண்டும் என்று கேட்டனர். கம்பனி முற்றாக மறுத்துவிடவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் அடங்கிய குழுவொன்றைத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பி நிலைமையை ஆராய்ந்தது. பின்னர் 1971 ஜனவரியில் ஒரு திட்டத்தை அறிவித்தது. அந்நாட்டு அரசாங்கத்துக்கு இனி விற்பனை இல்லை. ஆனால் நாட்டைவிட்டு விலகுவதுமில்லை. விநியோகக் கம்பனியின் கறுப்பினத் தொழிலாளருக்குச் சம்பளம் உயர்த்தப்படும். கறுப்பின மாணவரின் கல்விக்கு நன்கொடை அளிக்கப்படும் என்பன அதன் சாரம். இதனை ஒரு பரிசோதனை என்றே கம்பனி குறிப்பிட்டது. ஹண்டர் அம்மையாரோ வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

நியாயமாக நோக்கினால், அப்பரிசோதனையை ஏளனஞ்செய்தல் தகாது. விலகிச் சென்றால் அங்குள்ள தொழிலாளரே வேலையிழப்பர்; உள்ளே நின்றால் சிறிது நன்மையாவது செய்யலாம் என்ற வாதத்தில் பொருளுண்டு. சம்பள உயர்வு வெறும் காகிதத்தில் நின்றுவிடவில்லை. கல்வி நன்கொடையும் வழங்கப்பட்டது. ஆனால் 1977 நவம்பரில், அவ்விநியோகக் கம்பனியில் முன்னர் வேலைபார்த்த இந்திய வம்சாவளியினர் ஒருவர் வெளிப்படுத்திய பத்திரங்கள் உண்மையைக் காட்டின. போலரொயிட் படச்சுருள்கள் பெயர் பொறிக்காத பெட்டிகளில் இடப்பட்டு, ஜொகன்னஸ்பேர்க்கிலுள்ள மருந்துக்கடையொன்றின் பெயரில் கணக்கெழுதப்பட்டு, அரசாங்கத்துக்குத் தொடர்ந்து சென்றுகொண்டிருந்தன. அமெரிக்கக் கம்பனி தான் ஏமாற்றப்பட்டதாகக் கூறி, அவ்விநியோகத்தை உடனே நிறுத்தி நாட்டைவிட்டு வெளியேறிற்று.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு. "உள்ளே நின்று திருத்துவோம்" என்பவர், திருந்துகிறதா என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கக் கடமைப்பட்டவர். வாக்குறுதியை அளித்துவிட்டு வாயிலை நோக்காதிருத்தல் காவலாகாது. அறியாமை சிலவேளை குற்றத்தைக் குறைக்கும். ஆனால் அறிய விரும்பாமையோ குற்றத்தின் ஒரு பகுதியே.

இவ்வாறு உள்ளே நின்று திருத்தும் நெறியை முறைப்படி வகுத்துத் தந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த சமய குரு லியோன் சலிவன். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் பணிப்பாளர் சபையில் 1971 இல் இடம்பெற்ற கறுப்பினத்தவர் அவர். தென்னாபிரிக்காவில் தொழில்நடத்தும் அமெரிக்கக் கம்பனிகள் பின்பற்றவேண்டிய ஒழுக்க விதிகளை 1977 இல் அவர் வெளியிட்டார். உணவறையிலும் வேலைத்தலத்திலும் நிறவேறுபாடு காட்டலாகாது. சம வேலைக்குச் சம சம்பளம் கொடுத்தல் வேண்டும். கறுப்பினத்தவரை மேற்பதவிகளுக்குப் பயிற்றுதல் வேண்டும் என்பன அவ்விதிகளுட் சில. பல கம்பனிகள் அவற்றை ஏற்றுக் கையொப்பமிட்டன. பத்தாண்டு கழிந்தது. தொழிற்சாலையின் உள்ளே சில நன்மைகள் விளைந்தன. தொழிற்சாலையின் வாயிலுக்கு வெளியே சட்டம் அப்படியே நின்றது. 1987 ஜூனில், தம் விதிகள் போதா என்பதைச் சலிவனே பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, அமெரிக்கக் கம்பனிகள் அந்நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். தாம் கட்டிய வீட்டைத் தாமே குறைகூறும் நேர்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

இனி மற்றொரு பக்கத்தை நோக்குவோம். படச்சுருள் ஒடுக்குமுறையின் நேரான கருவி. ஆகையால் அதனை விற்பது தவறென்பதை ஒப்புக்கொள்வது எளிது. பழம் வாங்குவதில் என்ன தவறு? தோடம்பழமோ திராட்சையோ எவரையும் அடிப்பதில்லையே? இவ்வினாவும் அந்நாட்களில் எழுந்தது. அதற்கு விடையளித்தவர் பேராசிரியர் எவருமல்லர். கடையொன்றில் காசு வாங்கும் பெண்.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலே, 1984 ஜூலையில், டன்ஸ் என்னும் பெரிய கடையில் பணிபுரிந்த மேரி மானிங் என்ற இளம் பெண், தென்னாபிரிக்காவிலிருந்து வந்த பழங்களுக்கு விலைபதிய மறுத்தார். அவ்வாறு செய்யும்படி தொழிற்சங்கம் கேட்டிருந்தது. நிருவாகம் அவரை வேலையிலிருந்து இடைநிறுத்திற்று. அவரோடு சுமார் பத்துப்பேர் வெளியேறினர். அவர்கள் அரசியல் ஞானிகளல்லர். இன ஒதுக்கல் பற்றித் தமக்கு அப்போது அதிகம் தெரியாதென்பதை அவர்களே பின்னர் கூறியுள்ளனர். மறியலில் நின்றபடியே கற்றனர். ஒரு வாரம் என்று நினைத்த வேலைநிறுத்தம் இரண்டரை ஆண்டுக்கு மேல் நீடித்தது. இறுதியில், 1987 இல், தென்னாபிரிக்கப் பழங்களையும் காய்கறிகளையும் அயர்லாந்து அரசு தடைசெய்தது. ஒரு சிறு கடைக்காரப் பெண்ணின் மறுப்பு ஒரு நாட்டின் சட்டமாயிற்று.

பழம் வாங்குவதைக்கூடத் தவறாக்கியது யாது? என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது: ஒடுக்கப்பட்டவரே அவ்வாறு கேட்டனர். ஆபிரிக்கத் தேசிய காங்கிரசின் தலைவராயிருந்தவரும், பின்னர் சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெற்றவருமான அல்பேர்ட் லூதூலி, தம் நாட்டுப் பொருள்களை வாங்காதீர்கள் என்று 1959 இல் உலகத்தை வேண்டினார். அதனால் ஆபிரிக்கருக்கே துன்பம் நேருமென்பதை அவர் மறைக்கவில்லை. அத்துன்பம் நீண்ட துன்பத்தைக் குறுக்குமாயின் அதனை ஏற்க ஆயத்தம் என்றார். "அவர்கள் நன்மைக்காகவே நாம் வாணிகத்தை நிறுத்தவில்லை" என்று சொல்ல விரும்புபவர், அந்த 'அவர்கள்' என்ன சொல்கின்றனர் என்பதை முதலிற் கேட்டல் வேண்டும். வயிற்றுவலியை நோயாளியிடம் கேட்காமல் அவருடைய வீட்டுக்காரரிடம் கேட்கும் வைத்தியரை யாரும் நம்பார்.

இங்கே எதிர்வாதத்தையும் மறைத்தலாகாது. இன ஒதுக்கலைப் பாராளுமன்றத்திலே நெடுங்காலம் தனித்து நின்று எதிர்த்த ஹெலன் சுஸ்மன் அம்மையாரும், எழுத்தாளர் அலன் பேற்றனும் பொருளாதாரத் தடையை ஆதரிக்கவில்லை. ஏழைத் தொழிலாளரே முதலில் பட்டினி கிடப்பர் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் பொய்யன்று. மேலும், இன ஒதுக்கல் வீழ்ந்தமைக்கு முதற்காரணம் அந்நாட்டு மக்களின் போராட்டமே. வெளிநாட்டார் புறக்கணிப்பு அதற்கு ஒரு துணை. ஆயினும் துணை சிறிதன்று. 1985 இல் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி தன் கடனைப் புதுப்பிக்க மறுக்க, ஏனைய வங்கிகளும் பின்தொடர்ந்தபோது, அவ்வரசு தன் வெளிநாட்டுக் கடனைத் தவணைப்படி செலுத்த இயலாமல் திண்டாடிற்று. 1986 இல் நடமாட்டப் புத்தகச் சட்டம் நீக்கப்பட்டது. 1994 இல் எல்லா இனத்தவரும் வாக்களித்தனர்.

"நாம் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான்" என்பது வணிகரின் பழைய வாதம். இந்தியா இவ்வாறு எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை. 1946 ஆம் ஆண்டிலே, சுதந்திரம் பெறுமுன்னரே, தென்னாபிரிக்காவோடு வாணிகத்தை முதன்முதலாக நிறுத்திய நாடு இந்தியாவாகும். அப்போது அந்நாட்டின் ஏற்றுமதியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு தென்னாபிரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்தது. ஏழை நாடொன்றுக்கு அது சிறு தொகையன்று. வேறு நாடுகள் அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். எனினும், "வேறொருவன் செய்வான்" என்பது அவனுடைய கணக்கு. நம்முடைய கணக்கை நாமே எழுதவேண்டும்.

இவ்விடத்தில் நம் இலங்கையின் நினைவொன்றும் எழுகின்றது. 1982 இல், கிரிக்கெட் வீரர் பதினால்வர் பணம் பெற்றுக்கொண்டு தென்னாபிரிக்கா சென்று விளையாடினர். ஊர் திரும்பியதும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு விளையாடத் தடைவிதிக்கப்பட்டனர். பின்னர் அத்தடை நீக்கப்பட்டபோது, அவர்களுள் பெரும்பாலோருக்கு ஆட்ட வாழ்வு முடிந்திருந்தது. அவர்கள் செய்தது சரியென்று நான் கூறமாட்டேன். ஒடுக்கும் அரசுக்கு விளையாட்டும் ஒரு வாணிகப் பண்டமே. அதனால் அவ்வரசு உலகத்தின் மதிப்பை விலைக்கு வாங்க முயன்றது. ஆனால் சொற்ப வருவாயுடைய அவ்விளைஞர் விலைகொடுத்த அளவுக்கு, அந்நாட்டுக்குப் பல்லாண்டு கடன் கொடுத்த வங்கிகளின் முதல்வர் எவரும் விலைகொடுக்கவில்லை. பிரித்தானியாவின் பார்க்ளேஸ் வங்கி, மாணவரின் நெடுநாட் புறக்கணிப்புக்குப் பின், 1986 இல் தன் பங்குகளை விற்று விலகிற்று. அதன் அதிகாரிகளுக்கு இருபத்தைந்து ஆண்டுத் தடை எதுவுமில்லை. அறத்தின் தராசு சிறியோரை நிறுக்கும்போது மட்டும் துல்லியமாக இருத்தல் அறமாகாது.

விலகுதலே எல்லாவற்றுக்கும் மருந்து என்று இதுவரை கேட்டவர் எண்ணக்கூடும். அண்மைக்கால வரலாறொன்று அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றது. மியன்மாரில் 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அங்கே நோர்வேயின் டெலினோர் கம்பனிக்கு ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது இலட்சம் தொலைபேசி வாடிக்கையாளர் இருந்தனர். உரையாடல்களை ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்குமாறு புதிய ஆட்சியாளர் வற்புறுத்தினர். அதற்கு உடன்பட இயலாதென்று கூறிய கம்பனி, தன் தொழிலை விற்று 2022 இல் வெளியேறிற்று. கை சுத்தமாயிற்றா? வாடிக்கையாளரின் அழைப்பு விவரங்களும் பெயர்களும் புதிய உரிமையாளரிடம் சென்றன. இராணுவத்தோடு தொடர்புடையதெனக் கருதப்பட்ட உள்ளூர்க் கம்பனியொன்று அதில் பெரும்பங்கு பெற்றது. தம் விவரங்கள் யார் கையிற் சேருமோ என்று அங்குள்ள போராட்டக்காரர் அஞ்சினர். வீட்டைவிட்டுப் போகிறவன் திறவுகோலை யாரிடம் கொடுத்துப் போகிறான் என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வியே. உள்ளே புகுமுன்னரே, வெளியேறும் வழியைப் பற்றிச் சிந்தித்திருத்தல் வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் பேரவை 2011 இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகளும் இதனையே கூறுகின்றன. மனித உரிமையைக் காப்பது அரசின் கடமை. அதனை மதித்து நடப்பது கம்பனியின் பொறுப்பு. தன் தொழிலால் யாருக்கு என்ன தீங்கு விளையக்கூடும் என்பதை முன்கூட்டியே ஆராய்வது அப்பொறுப்பின் பகுதி. புதிய மொழியிற் கூறப்பட்டாலும் கருத்துப் பழையதே. வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிப் பேசுமிடம் பொருட்பாலன்று. அறத்துப்பாலிலே நடுவுநிலைமை என்னும் அதிகாரம். வாங்குவோர் இல்லையாயின் விற்பதற்காகக் கொல்வோரும் இல்லை என்னும் கருத்தையும் அவர் புலால் மறுத்தலிலே வைத்துள்ளார். வாங்குவோனையும் விற்போனையும் ஒரே சங்கிலியில் வைத்து நோக்கும் பார்வை நமக்கு அந்நியமானதன்று.

நேயர்களே, இனி என் குறையொன்றையும் சொல்லிவிடுகின்றேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் கணினித் துறையில் தேர்ச்சிபெற்று, ஒரு நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் அமர்ந்தான். சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்தபோது, தயங்கித் தயங்கி ஒரு செய்தி கூறினான். கூட்டத்தில் நிற்கும் மனிதரின் முகங்களைப் படத்திலிருந்து பிரித்து அடையாளம் காணும் ஒழுங்கொன்றை அவன் குழு பிறநாடொன்றுக்காகத் தயாரிக்கின்றது. அங்கே அதனை யார் பயன்படுத்துவர் என்பது சொல்லப்படவில்லை. கேட்டால் கேட்கவேண்டாம் என்கின்றனர். "என்ன செய்ய, சேர்?" என்றான். வீட்டிலே மணமாகாத தங்கையர் இருவர், தந்தை நோயாளி. நான் அவனுடைய குடும்பத்தை நினைத்தேன். "உன் வேலையை ஒழுங்காகச் செய், தம்பி. மற்றதை மேலதிகாரிகள் பார்ப்பார்கள்" என்றேன். அவன் தலையை அசைத்துவிட்டுச் சென்றான். ஆறுதலடைந்தவன் முகமாக அது இருக்கவில்லை.

கரோலைன் ஹண்டரின் வரலாற்றைப் படித்தபோதுதான், அச்சுவரருகே அட்டையைப் பாராமல் நடந்துசென்ற பலருள் நானும் ஒருவன் என்பதை உணர்ந்தேன். இன்று அவன் வந்து கேட்பானாயின், வேலையை உதறிவிடு என்று எளிதிற் கூறமாட்டேன். அவன் அடுப்பு அணைந்தால் என் அடுப்பிலிருந்து நெருப்பெடுத்துக் கொடுக்க என்னால் இயலாது. ஆனால் மூன்று கேள்விகளை அவன் கையிற் கொடுத்து அனுப்புவேன்.

நான் செய்யும் இப்பொருள், மனிதரை ஒடுக்குவதற்கே நேராகப் பயன்படும் கருவியா? ஆமெனில், அதற்கு நியாயமான விலை எதுவுமில்லை. அவ்வாறன்றிப் பொதுவான பொருளாயின், அங்கே துன்புறும் மக்கள் நம்மிடம் கேட்பது யாது, இருக்கச் சொல்கின்றனரா, விலகச் சொல்கின்றனரா? மூன்றாவதாக, நான் கேட்கும் கேள்விக்கு விடை மறுக்கப்படுவது ஏன்? வெளிச்சத்திலே செய்யத்தக்க வாணிகத்துக்குப் பெயர் பொறிக்காத பெட்டி வேண்டுவதில்லை. இக்கேள்விகளைத் தனியே கேட்க அஞ்சினால், உடன்வேலை செய்வோர் நால்வரோடு சேர்ந்து கேட்கலாம். டப்ளின் பெண் தனியே நிற்கவில்லை. ஹண்டரும் தனியே நிற்கவில்லை.

அடுத்த வாரம் அந்த உயர்தர வகுப்புக்கு மீண்டும் செல்லவிருக்கின்றேன். கடைசி வாங்கில் இருக்கும் அம்மாணவிக்கு என் விடை ஆயத்தமாக உள்ளது. அறியாமல் கத்தி விற்ற கொல்லனிடம் குற்றமில்லை. அறிந்து விற்றவனிடம் உண்டு. அறியக்கூடியதை அறியாதிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டவனிடமும் உண்டு. இவ்விடையைச் சொன்னபின், அவள் மேலும் ஒரு கேள்வி கேட்பாள் என்பதை நான் அறிவேன். இம்முறை மணி அடித்தாலும் வகுப்பைவிட்டு எழுந்து போவதாக இல்லை.